பிசினஸ் கிளாஸ் டிக்கெட் பாதி விலைக்கு எப்படிங்க வருது? காதர்பேட்டை கணக்குல ஒரு விளக்கம்

போன வருசம் பெருந்துறைல இருக்கற எங்க பெரியம்மா டல்லாஸ் போகோணும்னாங்க, மக பிரசவத்துக்கு. வயசு 67, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, ஈரோட்டுக்கு பஸ்ல போய்ட்டு வந்தாலே அன்னைக்கு ராத்திரி தைலம் தேய்ச்சுட்டுத்தான் படுப்பாங்க. மாப்பிள்ளை அங்கிருந்து போன் பண்ணி "மச்சான், அத்தைக்கு பிசினஸ் கிளாஸே போட்ருங்க, என்ன ஆகும்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க"ன்னுட்டாரு. எங்க ஒறம்பரைல யாரு பிளைட் ஏறுனாலும் டிக்கெட் பாக்கற சோலி என் தலைலதான் வந்து விழும். சரின்னு லேப்டாப்பத் தொறந்து பாத்தா அதே டல்லாஸ், அதே வாரம், போய்ட்டு வர ஒரு டிக்கெட் நாலரை லட்சம்ங்குது, இன்னொண்ணு ரெண்டே கால் லட்சம்ங்குது, ரெண்டுமே பிசினஸ் கிளாஸ்தான். பெரியம்மா பக்கத்துல உக்காந்து பாத்துட்டே "ஏங்கண்ணு, பாதி வெலைக்குக் குடுக்கறான்னா சீட்டு கீட்டு ஒடஞ்சு கெடக்குமோ?"ன்னு கேட்டாங்க.

நல்ல கேள்விங்க அது. மொத மொதல்ல பாக்கற எல்லாருக்கும் இதே சந்தேகம்தான் வரும். சீட்டு ஒடயலீங்க, அதே சீட்டு, அதே சாப்பாடு, அதே போர்வை. அப்பறம் ஏன் பாதி வெலை?

திருப்பூர் காதர்பேட்டைக்கு ஒரு தடவையாவது போயிருப்பீங்க. பையர் ஆர்டர கேன்சல் பண்ணிட்டாலோ, கணக்குக்கு மேல பீஸ் தெச்சுட்டாலோ அந்த எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் அங்க வந்து குமியும், வெளிநாட்டுக் கடைல ஆயிரக்கணக்குல தொங்கற டீசர்ட்ட நாம எரநூறுக்கு வாங்கிட்டு வருவோம். துணி அதேதான், ஆனா அட்டைப்பெட்டி கிடையாது, சைஸ் நாம சொன்னது கிடைக்காது, பிடிக்கலைன்னு திருப்பிக் குடுக்க முடியாது. மலிவு பிசினஸ் கிளாஸும் ஏறக்குறைய இதேதான். ஒரே ஒரு வித்தியாசம், டீசர்ட் இன்னைக்கு விக்கலைன்னா குடோன்ல கெடக்கும், அடுத்த மாசம் வித்துக்கலாம். பிளைட் சீட்டு தக்காளி மாதிரி. கிணத்துக்கடவு மார்க்கெட்டுல பொழுதோட மிஞ்சற பெட்டிய என்ன வெலைக்காவது தள்ளிட்டுப் போனாத்தான் உண்டு, பிளைட்டும் அப்படித்தான், கதவ மூடிட்டா காலியா இருக்கற சீட்டோட மதிப்பு சுத்தமா பூஜ்யம்.

அப்படின்னா கடைசி நாள்ல அடிமாட்டு வெலைக்குத் தள்ளோணுமில்ல, ஏன் கடைசில வெலை ஏறுதுன்னு கேப்பீங்க. இங்கதான் விசயமே இருக்குது.

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட்டர் இருக்காருன்னு வெச்சுக்கங்க. ஜெர்மனி பையர் திடீர்னு மெயில் போடறாங்க, கலர் மாறிப் போச்சு, செவ்வாக்கிழமை நேர்ல வாங்கன்னு. அவரு டிக்கெட் நாலு லட்சமா அஞ்சு லட்சமான்னு பாக்க மாட்டாரு, கன்டெய்னர் நிக்குது, போயே ஆகோணும். ஏர்லைன் கம்பெனிக்காரனுக்குத் தெரியும் கடைசி நேரத்துல வர்றவன் இந்த மாதிரி ஆளுன்னு. அதனால கடைசி சில சீட்ட அவருக்காக ஒதுக்கி வெச்சுக்குவான், அதத் தொட விட மாட்டான். அதே கரூர்ல வீட்டு ஜவுளி பண்றவரு வருசா வருசம் ஜனவரில பிராங்க்பர்ட்ல நடக்கற ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போறாரு, தேதி ஒரு வருசம் முன்னாடியே தெரியும், அவரு நிதானமா ஆறு மாசம் முன்ன பாத்து வாங்குவாரு. ஒரே சீட்டு, ஒரே ஊரு, ஆனா கம்பெனிக்காரன் பார்வைல ரெண்டும் வேற வேற சரக்கு.

எத்தன சீட்ட மலிவுக்கு விடறது, எத்தன சீட்ட புடிச்சு வெக்கறதுன்னு ஒரு கணக்கு இருக்குதுங்க. 1972-ல பி.ஓ.ஏ.சி.ங்கற பிரிட்டிஷ் ஏர்லைன்ல இருந்த கென் லிட்டில்வுட் எழுதுனது, இன்னைக்கும் லிட்டில்வுட் ரூல்னுதான் சொல்றாங்க. நம்ம பக்கம் இது புதுசே இல்ல, ஈரோட்டு மஞ்சள்காரங்க தலைமுறையா பண்றதுதான்: இன்னைக்கு வர்ற வெலைக்குக் குடுத்தறலாமா, இல்ல குடோன்ல போட்டு நாளைக்கு ஏறுமான்னு பாக்கலாமா. சும்மா ஒரு கணக்குக்கு, முழு வெலை 4 லட்சம், மலிவு வெலை 1.6 லட்சம்னு வெச்சுக்கங்க. இந்த சீட்ட இப்ப வுடாம வெச்சிருந்தா பின்னாடி 4 லட்சத்துக்கு ஒரு ஆளு வர்றதுக்கு நூத்துக்கு நாப்பதுக்கு மேல வாய்ப்பு இருந்தா வெச்சிருப்பான், அதுக்குக் கீழன்னா உங்ககிட்ட தள்ளி விட்ருவான். 1.6ஐ 4 ஆல வகுத்துப் பாருங்க, அதான் அந்த நாப்பது. இந்தக் கணக்க கம்ப்யூட்டர் ஒவ்வொரு பிளைட்டுக்கும் ஓயாம போட்டுட்டே இருக்குது, அதனாலதான் காலைல பாத்த வெலை மத்தியானம் இருக்கறதில்ல, நீங்க தேடுனத பாத்து ஏத்திட்டான்னு சொல்றதெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லீங்க, பெரும்பாலும் அந்த வெலைல இருந்த ரெண்டு சீட்ட வேற யாரோ வாங்கிட்டுப் போயிருப்பாங்க, அவ்வளவுதான்.

ஒரு பழைய கதையும் சொல்லிடறேன். 1970கள்ல ஏர்லைன்காரங்க எகானமி டிக்கெட்ட தள்ளுபடில விக்க ஆரம்பிச்சாங்க. முழு வெலை குடுத்து வந்த ஆபீஸ்காரங்களுக்கு எரிச்சல், பக்கத்து சீட்டுக்காரன் பாதி வெலைல வந்து உக்காந்திருக்கானேன்னு. அவங்கள சமாதானப்படுத்தத்தான் 1978 வாக்குல பான் ஆம், பிரிட்டிஷ் ஏர்வேஸ் மாதிரி கம்பெனிங்க தனியா ஒரு பகுதி பிரிச்சு விட்டாங்க. பிசினஸ் கிளாஸ் பொறந்ததே இப்படித்தான். இன்னைக்கு அதே பிசினஸ் கிளாஸ்குள்ளயே தள்ளுபடிக்காரங்களும் முழு வெலைக்காரங்களும் பக்கத்து பக்கத்துல படுத்துட்டுப் போறாங்க.

சரி, இதயெல்லாம் டிக்கெட்டுல எங்க பாக்கறது? எழுத்துல. ஒவ்வொரு கேபினையும் உள்ளுக்குள்ள பல வெலைக் கூடையா பிரிச்சு வெச்சிருப்பாங்க, ஒவ்வொரு கூடைக்கும் ஒரு ஆங்கில எழுத்து. பிசினஸ்ல பெரும்பாலும் ஜே-ங்கறது முழு வெலை, சி, டி நடுவாந்தரம், இசட், ஐ, பி இதெல்லாம் பல கம்பெனில மலிவுக் கூடை. கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஆனா ஜே மட்டும் ஏறக்குறைய எல்லா எடத்துலயும் உச்சம்தான். டிராவல்ஸ்காரங்க ஸ்கிரீன்ல "ஜே9 சி9 டி4 ஐ2"ன்னு தெரியும், அந்த 9ன்னா ஒம்போதோ அதுக்கு மேலயோ இருக்குதுன்னு அர்த்தம், ஐ2ன்னா மலிவு வெலைல ரெண்டே ரெண்டு. மூணு பேரா ஒட்டுக்கா தேடுனீங்கன்னா பல சமயம் மூணு பேருக்கும் டி வெலையத்தான் காட்டும், அந்த மலிவு ரெண்டு சீட்டு கண்ணுலயே படாது. அதனால குடும்பமா போறவங்க ஒரு ஆளுக்கு மட்டும் போட்டுத் தேடிப் பாத்துட்டு அப்பறம் எண்ணிக்கைய ஏத்துங்க. நம்ம ஊரு டிராவல்ஸ்ல கேட்டாலும் "எந்த கிளாஸ்ல புக் பண்றீங்க, எழுத்து என்னங்க"ன்னு ஒரு வார்த்த கேட்டு வைங்க, அப்பறம் அவங்க பேசற தோரணையே மாறும்.

இப்ப முக்கியமான எடம். நீங்க மலிவுக்கு வாங்கறது சீட்டுல கொறச்சல் இல்ல, சுதந்திரத்துல கொறச்சல். தேதி மாத்துனா காசு, கேன்சல் பண்ணுனா பாதியோ முழுசோ போச்சு, இத்தன நாள் முன்னாடி வாங்கோணும், போன ஊர்ல கொறஞ்சது இத்தன நாள் தங்கோணும், இல்ல ஒரு சனிக்கெழம ராத்திரியாவது அங்க இருக்கோணும். சனிக்கெழம ராத்திரிக்கும் பிளைட்டுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும், ஆனா ஆபீஸ் வேலையா போறவன் வெள்ளிக்கெழம பொழுதோட வீட்டுக்கு ஓடிருவான், சனிக்கெழம தங்கறவன் ஊரு சுத்த வந்தவன், தன் காசுல வந்தவன். எக்ஸ்போர்ட்டர் உங்க வெலைல வாங்கிடக் கூடாதுன்னு போட்ட வேலி அது, நம்ம தோட்டத்துக்கு கிளுவ முள்ளு போடற மாதிரி. எங்க பெரியம்மா மூணு மாசம் தங்கப் போறாங்க, அவங்களுக்கு அந்த வேலி ஒரு கஷ்டமும் இல்ல. பிரசவ தேதி முன்ன பின்ன ஆகும்ங்கறதுதான் பிரச்சன, அதனால தேதி மாத்தற கட்டணம் எவ்வளவுன்னு மட்டும் நாலு தடவ படிச்சேன்.

கொஞ்ச வருசமா இன்னொரு வகையும் வந்திருக்குது. எமிரேட்ஸ் 2019-லயும் கத்தார் ஏர்வேஸ் அடுத்த வருசமும் கொறஞ்ச வெலை பிசினஸ் டிக்கெட்டுன்னு தனியா கொண்டு வந்தாங்க, சீட்டு அதே சீட்டு, ஆனா லவுஞ்ச், அதாவது ஏர்போர்ட்டுல காத்திருக்கற தனி ஹால், போன்றத கழட்டிட்டாங்க. பின்லாந்தோட பின்னேர் கம்பெனி இன்னும் ஒரு படி மேல போய் லக்கேஜையே கழட்டி ஒரு வெலை வெச்சாங்க. இதுல நல்லதா கெட்டதான்னு ஒண்ணுமில்ல, நடுவுல ஒரு மணி நேரந்தான் மாறற டைம்னா லவுஞ்ச் எதுக்கு? ஏழு மணி நேரம் காத்திருக்கோணும்னா, அதும் முட்டி வலி உள்ளவங்கன்னா, அந்த லவுஞ்ச்ல சாஞ்சு படுக்கற எடத்துக்கே தனி மதிப்பு. லக்கேஜ் பெருசா பாக்கோணும், பிசினஸ்ல பொதுவா 32 கிலோ பெட்டி ரெண்டு விடுவாங்க. பெரியம்மா அத நம்பித்தான் மஞ்சத்தூளு, பருப்புப்பொடி, அரப்பு, கொள்ளு எல்லாம் கட்டுனாங்க. காங்கேயம் கொப்பரை மட்டும் வேண்டாம்னு எடுத்து வெச்சேன், எண்ணெய்ப் பசைல தானா சூடேறித் தீப்புடிக்கற பொருள்னு கொப்பரைய பிளைட்டுல ஏத்த விடமாட்டாங்க, நெறைய பேருக்கு இது தெரியாது.

அடுத்தது எங்கிருந்து கெளம்பறோம்ங்கறது. இத நம்ம ஆளுங்க யாரும் யோசிக்கறதில்ல. டிக்கெட் வெலை தூரத்தப் பாத்து போடறதில்லீங்க, பயணம் தொடங்கற ஊர்ல சனங்களால எவ்வளவு குடுக்க முடியும், அங்க எத்தன கம்பெனி போட்டி போடுதுன்னு பாத்து போடறது. நேர் பிளைட்டுக்கு வெலை கூட, ஏன்னா நேரம் மிச்சம் பண்ண ஆபீஸ்காரன் அதத்தான் எடுப்பான். பெங்களூர்ல இருந்து லண்டனோ பிராங்க்பர்ட்டோ நேரா போறத விட, வளைகுடால எறங்கி மாறிப் போறது பல சமயம் கொறவா இருக்கறதுக்குக் காரணம் அதுதான். அதே மாதிரி கொழும்புல இருந்து கெளம்பற பிசினஸ் டிக்கெட் பல நேரம் நம்ம ஊரு வெலைய விட நல்லாவே கொறவா இருக்கும், தேடித் தேடி வாங்கறவங்க நடுவுல கொழும்புக்கு ஒரு தனிப் பேரே உண்டு. திருச்சி, மதுரை, சென்னை, கொச்சில இருந்து கொழும்புக்கு நேர் பிளைட் இருக்குது, அதனால மொதல்ல கொழும்பு போய், அங்கிருந்து மலிவு டிக்கெட்ட தொடங்கறதுன்னு ஒரு வழி.

கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நான் அதுல ஒரு தடவ கை சுட்டுட்டேன். தனித்தனி டிக்கெட்டு வாங்குனா ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. கொழும்பு போற என்ற சின்ன பிளைட் நாலு மணி நேரம் லேட்டு, நான் போய்ச் சேந்தப்ப பெரிய பிளைட் கெளம்பிப் போயிருச்சு, அங்க கேட்டா "நீங்க லேட்டா வந்தீங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. அவங்க மேல தப்பே இல்ல, முந்துன நாளே போய்த் தங்கியிருக்கோணும், ரெண்டாயிரம் மிச்சம் பாத்து பெரிய தொகைய விட்டது நான்தான். பெட்டியும் கடைசி ஊரு வரைக்கும் தானா போகாது, எறங்கி இமிக்ரேசன் தாண்டி எடுத்து மறுபடியும் போடோணும், அதுக்கு இலங்கைக்குள்ள நுழைய ஈ.டி.ஏ.ங்கற ஆன்லைன் அனுமதி வேணும். திரும்பி வரும்போதும் கொழும்புலதான் கொண்டு வந்து விடுவான், அங்கிருந்து நம்ம ஊருக்கு இன்னொரு டிக்கெட். முட்டி வலிக்காரங்களுக்கு இது வேண்டவே வேண்டாம், இருவத்தஞ்சு முப்பது வயசுப் பசங்க பண்ணட்டும்.

கொழும்பு டிக்கெட்ட வாங்கிட்டு கொழும்பு வரைக்கும் போகாம நடு ஊர்ல ஏறிக்கலாம்னு மட்டும் நெனச்சராதீங்க. மொத பிளைட்ல ஏறலைன்னா மீதி எல்லாமே தானா கேன்சல் ஆயிரும். கடைசி பிளைட்ட விட்டுட்டு நடுவுலயே எறங்கி ஓடறவங்களும் உண்டு, அப்படி ஒருத்தர் மேல லுப்தான்சா கேசே போட்டுது, 2018-ல பெர்லின் கோர்ட்டுல தள்ளுபடி ஆச்சு, ஆனாலும் நமக்கெதுக்குங்க அந்த வம்பு.

நம்ம கோயமுத்தூர் நெலமைய எடுத்துக்கங்க. பீளமேடு ஏர்போர்ட்டுல இருந்து சார்ஜாவும் சிங்கப்பூரும் போலாம், ஆனா அதுல போற ஏர் அரேபியாவுலயும் ஸ்கூட்லயும் படுக்கற சீட்டே கிடையாது. கோயமுத்தூர்னு போட்டுத் தேடுனா டெல்லி, மும்பை வழியா காட்டும், அந்த உள்ளூர் பிளைட் பலதுல எகானமி மட்டுந்தான், மேல பெருசா பிசினஸ்னு எழுதியிருக்கும், உள்ள போய் ஒவ்வொரு துண்டா பாத்தாத்தான் கலப்பு தெரியும். பாலுல தண்ணி கலந்த மாதிரி. அந்த ரெண்டு மணி நேரத்துக்கு எகானமி பரவால்ல, ஆனா சில டிக்கெட்டுல தலகீழா இருக்கும், சின்னது பிசினஸ், பதினஞ்சு மணி நேரம் போறது எகானமி, அதத்தான் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாக்கோணும்.

நான் கடைசில கொச்சின்னு முடிவு பண்ணுனேன். கோயமுத்தூர்ல இருந்து கொச்சி ஏர்போர்ட் இருக்கற நெடும்பாசேரி நூத்தி அறுவது எழுவது கிலோமீட்டர்தான், குதிரான் சுரங்கம் 2021-ல தெறந்த பொறவு அந்த மேட்டுல லாரிக்குப் பின்னால மணிக்கணக்கா நிக்கற கதை இல்ல. வளைகுடா கம்பெனிங்க எல்லாம் அங்க வருது, ஒரே டிக்கெட், ஒரே ஒரு தடவ மாறுனா டல்லாஸ். பெங்களூர்ல அப்ப இன்னும் பதினஞ்சாயிரம் கொறவாத்தான் இருந்துது, ஆனா பெருந்துறைல இருந்து பெங்களூருக்கு கார் வாடகை, ஓசூர் ரோட்டு டிராபிக், அதுக்கு பயந்து முந்துன நாளே ரூம் போடற செலவு எல்லாம் சேத்தா அந்த மிச்சம் வாசல்லயே தீந்துருது. வெலைய ஏர்போர்ட்டுல இருந்து கணக்குப் பண்ணாதீங்க, வீட்டு வாசப்படில இருந்து பண்ணுங்க.

வரியையும் மறந்தராதீங்க. இந்தியால இருந்து கெளம்பற எகானமி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பிசினஸுக்கு 12 இருந்தது 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18 ஆயிருச்சு. லண்டன்ல இருந்து கெளம்பி வந்தா அங்க தனியா ஒரு பயண வரி, பிசினஸ்காரங்களுக்கு எகானமிய விட ரெண்டு மடங்குக்கும் மேல. அதனால வரி சேக்காத வெலைய வெச்சு ரெண்டு டிக்கெட்ட ஒப்பிடவே ஒப்பிடாதீங்க.

சீட்டு எப்படிப்பட்டதுன்னு பாக்கறதும் வேல. பிசினஸ்னு பேரு இருந்தா எல்லாம் ஒண்ணில்ல. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-ல முழுசா மட்டமா படுக்கற சீட்ட பிசினஸ்ல கொண்டு வந்தாங்க, அதுக்கப்பறம் எல்லாரும் மாத்துனாங்க, ஆனா பழைய பிளைட்ல இன்னமும் சரிவா, படுத்தா கீழ வழுக்கிட்டே வர்ற சீட்டு உண்டு. எமிரேட்ஸ் போயிங் 777 பழைய மாடல்ல ரெண்டு மூணு ரெண்டுன்னு வரிசை, அதாவது பிசினஸ்லயே நடு சீட்டு! அதே கம்பெனியோட ஏ380ல ஒண்ணு ரெண்டு ஒண்ணு, எல்லாருக்கும் நடைபாதை. நம்ம கோயமுத்தூர் பெங்களூர் ஸ்லீப்பர் பஸ்ல சிங்கிள் பெர்த்துக்கும் டபுள் பெர்த்துக்கும் எவ்வளவு வித்தியாசம், அதேதான். பிளைட் மாடலப் பாத்து சீட் மேப்ப தேடிட்டு அப்பறம் காசு கட்டுங்க.

ஏர்லைனோ கிரெடிட் கார்டோ குடுக்கற பாயிண்ட்ஸ்ல வாங்கறது பெரிய கடலு, அது இன்னொரு நாளைக்கு. ஒண்ணு மட்டும், "இலவச" டிக்கெட்டுன்னாலும் சில கம்பெனில சர்சார்ஜுன்னு பெரிய தொகை கேப்பாங்க, அதப் பாத்துட்டு பாயிண்ட்ஸ மாத்துங்க, மாத்துனா திரும்ப வராது. தப்பு வெலை டிக்கெட்டுன்னு ஒரு வகையும் இருக்குது, 2019 புத்தாண்டுக்கு கேத்தே பசிபிக் வியட்நாம்ல இருந்து நியூயார்க் போய்ட்டு வர பிசினஸ் கிளாஸ எழுநூறு டாலருக்கும் கீழ தவறுதலா வித்துட்டாங்க, வாங்குனவங்களுக்கு மறுக்காம குடுக்கவும் செஞ்சாங்க. அதெல்லாம் லாட்டரி, எல்லாக் கம்பெனியும் அப்படிக் குடுக்காது, அந்த மாதிரி கெடச்சா ரெண்டு வாரத்துக்கு ஓட்டல் கீட்டல் எதுவும் புக் பண்ணாம கம்முனு இருங்க.

ஏலம் ஒண்ணு பாக்கி. எகானமி டிக்கெட் வாங்கி வெச்சிருந்தா சில கம்பெனில இருந்து பயணத்துக்கு முன்ன மெயில் வரும், மேல் கிளாஸுக்கு எவ்வளவு தருவீங்கன்னு. நீங்க ஒரு தொகை சொல்லலாம், ஏத்துக்கிட்டாத்தான் காசு எடுப்பான். அந்தத் தொகை ஒரு ஆளுக்கு, ஒரு பிளைட்டுக்கு மட்டுந்தான், அது தெரியாம மொத்தத்துக்கும்னு நெனச்சு போட்ட ஆளுங்கள எனக்குத் தெரியும்.

பெரியம்மாளுக்கு போறதுக்கு மட்டும் பிசினஸ், வர்றதுக்கு எகானமின்னு ஒரே டிக்கெட்டா போட்டேன், திரும்பி வரும்போது மகளும் கொழந்தையும் ஒட்டுக்கா வர்றதால தொணைக்கு ஆளு இருக்குது. தொகை ஒண்ணரை லட்சத்துக்கு கிட்ட வந்துது. வீல்சேரும் கேட்டு வெச்சேன், எந்தக் கிளாஸா இருந்தாலும் அது இலவசம், டிக்கெட் போடும்போதே சொல்லிடோணும். டல்லாஸ் போய் எறங்குன ஒடனே போன் பண்ணுனாங்க, பதினாறு மணி நேரத்துல பத்து மணி நேரம் தூங்குனாங்களாம், எழுப்பி எழுப்பி சோறு போட்டாங்கன்னு ஒரே பெருமை. வரும்போது ஏலத்துல ஒரு தொகை போட்டுப் பாத்தோம், கெடைக்கல, காசும் எடுக்கல. கொச்சில எறங்கி கார்ல ஏறுனதும் மொத வார்த்த, "அந்தப் போர்வைய ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வந்திருக்கலாமாட்ட கண்ணு."